மெய்ப்புத் திருத்துநரின் மேசையில் விஎஸ்கோட் டெவ்

ராயப்பேட்டையில் நான் மெய்ப்புப் பார்க்கும் பதிப்பகத்தின் கணினிகளில் நாமாக எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. அதற்குரிய கடவுச்சொல் உரிமையாளரின் மகனிடம் இருக்கிறது. அவர் வாரத்தில் ஒரு நாள் தலைகாட்டுவார், அன்றைக்குப் பார்த்து நமக்கு அது நினைவுக்கு வராது. எனவே அங்கே கையில் இருப்பவை விண்டோஸோடு வந்த நோட்பேடும் குரோம் உலாவியும்தான். சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 38 அத்தியாயங்கள் கொண்ட ஒரு நாவல், அத்தியாயத்துக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பாக அந்த மேசைக்கு வந்து சேர்ந்தபோதுதான் விஎஸ்கோட் டெவ் என்னும் இணையப் பக்கத்தை முதன்முறையாகத் திறந்தேன். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டாக என் மெய்ப்பு வேலையில் பெரும்பகுதி அதில்தான் நடக்கிறது. நிரல் எழுதுவோருக்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியை, நிரலில் ஒரு வரிகூட எழுதத் தெரியாத ஒருத்தி தமிழ் உரைநடைக்குப் பயன்படுத்திய அனுபவமாக இந்த மதிப்புரையைக் கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட இந்தப் பக்கம், விஎஸ் கோட் என்ற பெயரில் நிரலாளர்களிடையே புழங்கும் எழுதுகருவியின் உலாவி வடிவம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, முகவரியைத் தட்டினால் எழுதும் திரை வந்துவிடுகிறது. நிரலை இயக்கிப் பார்ப்பதற்கான டெர்மினல் இந்த வடிவத்தில் இல்லை என்று நிரலாளர்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு. எனக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான் இதில் தேடியதும் கண்டதும் ஒரே ஒரு குணம். என் வட்டில் உள்ள ஒரு கோப்புறையை அப்படியே திறந்து, இடப்பக்கம் 38 கோப்புகளையும் வரிசையாகக் காட்டி, நான் திருத்திச் சேமித்தால் அதே கோப்பில், அதே இடத்தில், அதே பெயரில் எழுதிவிடுகிறது. கோப்பு எந்தச் சேவையகத்துக்கும் போய்த் திரும்புவதில்லை.

இதில் என்ன அதிசயம், 1985இல் வந்த முதல் விண்டோஸின் நோட்பேடே இதைச் செய்ததே என்று கேட்கத் தோன்றும். நிறுவப்பட்ட மென்பொருளுக்கு அது இயல்பான உரிமைதான். இணையப் பக்கத்துக்கோ அது நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1990களிலிருந்தே பக்கங்களில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் உண்டு. ஆனால் அதன் வழியாகப் பக்கத்துக்குக் கிடைத்தது கோப்பில் இருப்பதைப் படிக்கும் உரிமை மட்டுமே. திருத்தியதைத் திருப்பித் தர வேண்டுமானால் பதிவிறக்கம் ஒன்றே வழி. பதிவிறக்கும் உலாவியோ பழைய கோப்பை அழிக்க அஞ்சி, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணைப் போட்டுப் புதிய நகல் ஒன்றைப் பெற்றுப்போடும்.

முந்தைய ஆண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பை அப்படிப்பட்ட ஏதோ ஒரு பக்கத்தில்தான் திருத்தினேன். வேலை முடிந்தபோது ஏழாவது கதைக்கு மட்டும் பதிவிறக்கக் கோப்புறையில் ஐந்து பிரதிகள் இருந்தன. பக்கம் வடிவமைக்கும் டிடிபி தம்பி கூப்பிட்டு, "அக்கா, அடைப்புக்குறி மூணை வைக்கவா, நாலை வைக்கவா?" என்று கேட்டார். எண் பெரியதுதானே கடைசியாக இருக்கும் என்று நான் நாலு என்றேன். அந்த நாலாவது, முன்தினம் மூடாமல் விட்டிருந்த பழைய தாவலிலிருந்து தவறுதலாகப் பதிவிறக்கியது என்பது, இரண்டாம் மெய்ப்பில் நான் ஏற்கெனவே திருத்திய பிழைகளே வரிசையாக எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. இப்படி ஒரு முறை பட்டவர்களுக்கு, சேமித்தால் சேமித்த இடத்தில் இருக்கும் என்ற சின்ன விஷயத்தின் அருமை விளக்காமலே புரியும்.

இந்த நிலையை மாற்றியது, 2020 அக்டோபரில் வந்த குரோம் 86ஆம் பதிப்பு. ஃபைல் சிஸ்டம் ஆக்சஸ் என்ற பெயரில் அது இணையப் பக்கங்களுக்குக் கொடுத்த வசதியைத்தான் விஎஸ்கோட் டெவ் பயன்படுத்துகிறது. குரோமோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் எட்ஜ் உலாவியிலும் அது உண்டு. உரிமை கிடைத்துவிட்டது என்பதற்காகப் பக்கம் நம் வட்டில் தன் விருப்பப்படி உலவ முடியாது. நாம் சொடுக்கினால் ஒழியக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியே தோன்றாது. நாம் எந்தக் கோப்புறையைக் காட்டுகிறோமோ அதற்குள் இருப்பவை மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் கோப்புறை வட்டில் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைக்கூட உலாவி பக்கத்திடம் சொல்வதில்லை. கோப்புறையைத் தேர்ந்தெடுத்ததும், இந்தப் பக்கம் இதிலுள்ளவற்றைப் பார்க்கலாமா என்று உலாவி ஒரு முறை கேட்கும். முதல் மாற்றம் எழுதப்படும் நேரத்தில், மாற்றி எழுதலாமா என்று தனியாக இன்னொரு முறை கேட்கும். படிப்பதையும் எழுதுவதையும் இப்படி இரண்டு கேள்விகளாகப் பிரித்திருப்பதை முதல் வாரத்தில் தொல்லை என்றுதான் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை, அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் நாள் எனக்கு வேறொரு தடையும் வந்தது. நாவலின் கோப்புகளை டெஸ்க்டாப்பில் பரப்பி வைத்திருந்த நான், டெஸ்க்டாப்பையே கோப்புறையாகத் தேர்ந்தெடுத்தேன். கணினியின் முக்கியமான கோப்புகள் இதில் இருக்கின்றன, திறக்க முடியாது என்ற பொருளில் உலாவி மறுத்துவிட்டது. டெஸ்க்டாப், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் போன்ற இடங்களை மொத்தமாகத் தூக்கி ஒரு பக்கத்திடம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த வேலி அது. டெஸ்க்டாப்புக்குள் "நாவல்" என்று ஒரு கோப்புறை போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளியதும் மறுபேச்சின்றித் திறந்தது. புதிதாகத் தொடங்குவோர் பலர் இந்த இடத்தில்தான் பக்கம் வேலை செய்யவில்லை என்று மூடிவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அனுமதி பற்றி இன்னொன்று: தொடக்கத்தில், அந்தத் தளத்தின் தாவல்களையெல்லாம் மூடியவுடன் கொடுத்த அனுமதி காலாவதியாகும், மறுநாள் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். 2024இல் வந்த குரோம் 122 முதல், இந்த ஒரு முறைக்கு மட்டுமா, ஒவ்வொரு வருகைக்குமா என்று தேர்ந்துகொள்ளலாம். பதிப்பகத்தின் பொதுக் கணினியில் முதலாவதையும், மந்தைவெளியில் வீட்டு மடிக்கணினியில் இரண்டாவதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

எழுதும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு ஒரு மந்தமான பென் டிரைவால் கிடைத்தது. பக்கத்தில் சேமிப்பை அழுத்திவிட்டு அருகிலேயே கோப்புறையின் சாளரத்தையும் திறந்து வைத்திருந்தபோது, "அத்தியாயம்-12" கோப்புக்குக் கீழே அதே பெயரோடு சிஆர்ஸ்வாப் என்ற வால் முளைத்த இன்னொரு கோப்பு கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தது. உலாவி மூலக் கோப்பில் நேரடியாகக் கைவைப்பதில்லை. மூலத்தின் அருகிலேயே ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி, முழுவதையும் அதில் எழுதி முடித்த பிறகே அதை மூலத்தின் இடத்தில் மாற்றி வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு நம் கையில் மிஞ்சாது. பழையது பழையபடி இருக்கும். ஒரு நாள் அவசரத்தில் பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கியதில் அந்த வால் முளைத்த கோப்பு மட்டும் அநாதையாகத் தங்கிவிட்டது. மூலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தங்கியதை அழித்துவிட்டேன். தமிழ் உரைக்கு இதில் காத்திருப்பும் கிடையாது. எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். "கோயில்" என்ற சொல்லில் மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சேர்த்து 6 குறிகள், ஆக 18 பைட். மூவாயிரம் சொற்கள் கொண்ட அத்தியாயம்கூட நூறு கிலோபைட்டைத் தொடுவது அரிது. நல்ல வட்டில் இதெல்லாம் நடந்தது கண்ணுக்கே தெரியாது.

கோப்புறை முழுவதையும் திறப்பதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் தேடல். 38 கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடி, எந்த அத்தியாயத்தில் எந்த வரியில் என்று இடப்பக்கத்தில் அடுக்கிக் காட்டுவது மெய்ப்புக்காரருக்கு இன்னொரு கண் கிடைத்ததற்குச் சமம். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்கும்போது அடுத்து வரும் வல்லினம் மிகும் என்பது பள்ளிக்கூட இலக்கணம். "அவனைப் பார்த்தாள்" என்று இருக்க வேண்டியதை "அவனை பார்த்தாள்" என்று விடுவது எழுத்தாளர்களின் தீராத பழக்கம். தேடல் பெட்டியில் ஐகாரக் குறியை மட்டும் தனியாகத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, "ப" என்று தட்டினால் போதும். குறி தனித்து நிற்பதால் திரையில் அது புள்ளிவட்டத்தோடு விநோதமாகத் தெரியும். ஆனாலும் ஐகாரத்தில் முடியும் சொல்லும் பகரத்தில் தொடங்கும் சொல்லும் ஒற்றின்றி அடுத்தடுத்து நிற்கும் இடங்களையெல்லாம் அது கொண்டுவந்து கொட்டும். பிறகு "க", "ச", "த" என்று வரிசையாக அதே வேலை. காகிதத்தில் இரண்டு நாள் ஆகும் ஒற்றுத் திருத்தம் ஒரு பிற்பகலில் முடிந்தது.

முடிந்தது என்று சொல்லும்போதே அடுத்த நூலில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டுரைத் தொகுப்பில் இதே தேடலைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பி, எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அழுத்தினேன். அழுத்திய விரல் எழுவதற்குள் "மழை பெய்தது" என்பது "மழைப் பெய்தது" ஆனது; "குழந்தை படித்தது" என்பது "குழந்தைப் படித்தது" ஆனது; எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது என்பதைக் கருவி அறியாது, அறிந்திருந்த நானும் அந்த நிமிடம் மறந்திருந்தேன். அதைவிட முக்கியம், மாற்றங்கள் யாவும் கோப்புறையில் இருந்த ஒவ்வொரு கோப்பிலும் உடனடியாக எழுதப்பட்டுவிட்டன. காலையில் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகல் கைகொடுத்தது. அரை நாள் உழைப்பு போனது. பதிவிறக்கக் காலத்தில் இந்த விபத்து நடந்திருக்காது. அடைப்புக்குறி எண்களோடு குவிந்த அந்த நகல்கள் குப்பை என்றாலும், யாரும் கேட்காமலே கிடைத்த காப்பீடாகவும் இருந்தன. மூலம் யார் கையும் படாமல் கிடந்தது. இப்போது பக்கம் எழுதுவது நிஜமான எழுத்து, அழிப்பதும் நிஜமான அழிப்பு. எழுதும் அனுமதியை உலாவி தனியாகக் கேட்பதன் நியாயம் எனக்குப் பிடிபட்டது அந்தப் பிற்பகலில்தான்.

இதையொட்டி ஒரு நடைமுறைக் குறிப்பு. கணினியில் நிறுவும் விஎஸ் கோடில் தானாகச் சேமிக்கும் வசதி அணைந்த நிலையில் வரும். உலாவி வடிவத்தில் அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வருகிறது. தட்டிய ஒரு நொடியில் கோப்பில் ஏறிவிடும். கதை எழுதுவோருக்கு இது வரம். பிறர் எழுத்தில் கைவைக்கும் மெய்ப்புக்காரருக்கு, பூனை விசைப்பலகையில் நடந்தாலும் அது அச்சுக்குப் போகக்கூடும் என்று பொருள். இடப்பக்க மேல்மூலையில் மூன்று கோடுகளாக இருக்கும் பட்டியலில் கோப்புப் பிரிவுக்குள் போய் அதை நிறுத்திவிட்டுத்தான் நான் எந்த நூலையும் தொடங்குகிறேன்.

தமிழுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. அவற்றில் பாதி இந்தக் கருவியின் தவறல்ல. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிகள் வழியாக யூனிகோடுக்கு வந்த உரைகளில், ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லாமல் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு வரும். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் "கோயில்" என்று தேடினால் ஒரு வகை அகப்படும், மற்றது ஒளிந்துகொள்ளும். இரட்டைக் குறியைத் தேடி ஒற்றைக் குறியாக மாற்றுவது என் முதல் வேலையாகிவிட்டது. பொருள் மாறாத மாற்றம் என்பதால் எல்லாவற்றையும் மாற்று பொத்தானை நான் அச்சமின்றி அழுத்தும் ஒரே இடமும் அதுதான். "க்‌ஷ" என்று பிரித்துக் காட்டுவதற்காக நடுவில் செருகும் கண்ணுக்குத் தெரியாத குறியை இந்தக் கருவி கட்டம் போட்டுக் காட்டிவிடுகிறது. நிரலாளர்களுக்கு எச்சரிக்கையாக வைத்த வசதி மெய்ப்புக்காரருக்கும் உதவுகிறது. பழைய எழுத்துருவிலேயே வரும் கோப்புகள் இங்கே வெறும் கிறுக்கல்தான். அவற்றை முதலில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். தமிழ்ச் சொற்பிழை திருத்தி உடன் வருவதில்லை. நீண்ட பத்தி ஒரே வரியாக வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். ஆல்ட் விசையோடு இசட் அழுத்தினால் வரி மடிந்து நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, வீட்டில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போயின. மடிக்கணினியில் மின்னூட்டம் இருந்தது. பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. சேமித்தேன், சேமித்தது, கோப்பைத் தனியாகத் திறந்து சரிபார்த்தும் விட்டேன். பக்கம் வந்து சேர்வதற்குத்தான் இணையம் வேண்டும், வட்டில் எழுதுவதற்கு வேண்டாம் என்பது விளக்கத்தைப் படித்துத் தெரிந்ததைவிட அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. தாவலை மட்டும் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவோருக்கு இந்த மதிப்புரையின் பெரும்பகுதி பொருந்தாது. பக்கங்கள் பயனரின் வட்டில் நேரடியாக எழுதுவதை, அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா ஏற்கவில்லை. எனவே அங்கே இதே விஎஸ்கோட் டெவ், கோப்பை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சஃபாரியிலும் கோப்புறையைத் திறந்து எழுத வழியில்லை. பிரேவ் உலாவி குரோமின் அடித்தளத்திலேயே நின்றும் இந்த வசதியை இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது. சஃபாரி 2021இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2023இலும் ஏற்றுக்கொண்டது வேறொன்று: ஒவ்வொரு தளத்துக்கும் உலாவிக்குள்ளேயே ஒரு தனி அறை. தளம் அதில் எழுதலாம், படிக்கலாம். நம் கோப்புறைகளில் தேடினால் அது கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை விலை கொடுத்துக் கற்றேன். குறிப்பெழுதும் தளம் ஒன்றில், ஓர் எழுத்தாளர் பயன்படுத்தும் வட்டாரச் சொற்களின் பட்டியலை மாதக்கணக்கில் சேர்த்திருந்தேன். கணினி மெதுவாகிறது என்று உலாவியின் சேமிப்பைத் துடைத்த அன்று பட்டியலும் சேர்ந்து துடைக்கப்பட்டது. கோப்பு மேலாளரைத் திறந்து உங்கள் கண்ணால் பார்க்க முடியாத கோப்பை உங்கள் கோப்பு என்று நம்பாதீர்கள்.

மொசில்லாவின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டு யூசெனிக்ஸ் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, எதையும் நிறுவாமலேயே, ஒரு கோப்புறைக்கு எழுதும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டு, அதிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணயம் கேட்கும் பக்கத்தை உருவாக்க முடியும் என்று செய்தே காட்டியது. படம் திருத்தித் தருகிறேன், பிடிஎஃப் சுருக்கித் தருகிறேன் என்று அழைக்கும் முகமறியாத தளம் உங்கள் குடும்பப் புகைப்படக் கோப்புறையைத் திறந்து எழுத அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நான் இந்த உரிமையைக் கொடுத்திருப்பது மூன்று தளங்களுக்கு. இரண்டாவது, அட்டைப் படங்களில் சிறு திருத்தம் செய்யும் ஃபோட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்பவர் 2013இல் தொடங்கிய இது, திறந்த படத்தை அதே கோப்பிலேயே சேமிக்கிறது, விளம்பரப் பட்டையைப் பொறுத்துக்கொண்டால் போதும். மூன்றாவது, குடும்ப வரைபடம் போன்ற கோட்டுப் படங்களுக்கான எக்ஸ்கலிடிரா. இரண்டையும் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை, அதிகம் சொல்லவும் எதுவுமில்லை.

சொந்தக் கணினி இருந்து, அதில் எதையும் நிறுவும் உரிமையும் இருப்பவர்கள் விஎஸ் கோடின் நிறுவும் வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் அவர்களுக்குக் கூடுதலாக எதையும் தராது. அலுவலகக் கணினி, நூலகக் கணினி, உறவினர் வீட்டுக் கணினி என்று பிறர் இயந்திரங்களில் தன் கோப்புகளோடு வேலை செய்ய நேர்பவர்களுக்கும், வேர்டு கோப்புகளின் அலங்காரத்தைக் கழற்றிவிட்டு வெறும் உரையாகத் திருத்துபவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். திறப்பதற்கு முன் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, அன்றைய தேதியைப் பெயராக இட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த அரை நிமிட வேலையை உங்களுக்காக உலாவி செய்யாது.

அந்த நாவல் முடிந்த அன்று கோப்புறையைப் பென் டிரைவில் போட்டு டிடிபி தம்பியிடம் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழே வரை ஒரு முறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்து, "முப்பத்தெட்டுதான் இருக்கு, மிச்சம் எங்கக்கா?" என்று கேட்டார்.